காய்ச்சலோடு வந்தவரைத் திருப்பி அனுப்புவது யார் வேலை? பெருந்தொற்றுக் காலத்தில் அமெச்சூர் மோட்டார் பந்தயம் நடத்தப் புதிதாக வருபவர்களுக்கு

காலை ஆறரை மணி. பந்தயத் தடத்தின் வாசலில் ஒரு மேசை. அதன்மேல் நெற்றி வெப்பமானி, சானிடைசர் குப்பி, பெயர்ப் பட்டியல். மேசைக்குப் பின்னால் நான், எதிரே அறுபது பேர். வெப்பமானியை முதல் ஆளின் நெற்றிக்கு நேரே நீட்டினேன். 34.1 டிகிரி செல்சியஸ் என்றது. அது உண்மையானால் அவரைப் பந்தயக் காரில் அல்ல, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கவைக்க வேண்டும். மனிதர் குளிரூட்டிய காரிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார், அவ்வளவுதான். நான்காவது ஆள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பைக்கில் வந்தவர். அவருக்கு 38.2. வேப்பமரத்தடியில் பத்து நிமிடம் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தபோது 36.7.

பதினோராவது ஆள் இருமினார். வழியெல்லாம் தூசி என்றார். வெப்பமானி 36.5 காட்டியது. “காலையில் மாத்திரை ஏதாவது போட்டுக்கொண்டீர்களா?” என்று கேட்டேன். ஒரு நொடி தயங்கிவிட்டு இல்லை என்றார். இவரை உள்ளே விடுவதா என்று சி.ஓ.சி.யைக் கேட்கப் போனேன். கிளார்க் ஆஃப் தி கோர்ஸ் என்பதன் சுருக்கம். பந்தயம் முழுவதையும் நடத்திச் செல்பவர் அவர்தான். “மருத்துவரைக் கேளுங்கள்” என்றார். மருத்துவர், “நான் விபத்துக்காக வந்திருக்கிறேன். யார் உள்ளே வரலாம் என்பது செயலாளர் பாடு” என்றார். செயலாளர், “கட்டணம் கட்டியிருக்கிறார். எந்த விதியைக் காட்டி அனுப்புவது?” என்றார். மூவரும் சொன்னது அவரவர் அளவில் சரிதான். இருமியவர் ஓட்டினார். புதன்கிழமை அவரே தொலைபேசியில் அழைத்து, பரிசோதனையில் பாசிட்டிவ் வந்துவிட்டது என்றார். பட்டியலில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு மாலைகள் பிடித்தன. பட்டியலில் இல்லாத மெக்கானிக்குகளையும் நண்பர்களையும் எங்கே தேடுவது?

அன்று கடமை தவறியவர் என்று ஒருவரையும் கைகாட்ட முடியாது. அந்தக் கடமை யார் பெயரிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. மோட்டார் பந்தயத்தைப் போல வேலையை நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கும் விளையாட்டு வேறு உண்டா என்று தெரியவில்லை. கொடி காட்ட ஒருவர், வண்டியைச் சோதிக்க ஒருவர், தீயணைக்க ஒருவர். விபத்து நடந்தால் யார் எந்தப் பக்கமிருந்து ஓட வேண்டும் என்பது வரைக்கும் முடிவு செய்திருப்பார்கள். ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும் மோதலையும் தீயையும் நினைத்து உருவானது. கிருமி அதன் இடைவெளிகளில் நுழைந்து போய்விடும்.

கொரோனாவுக்கான உலகளாவிய அவசரநிலையை உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று விலக்கிக்கொண்டது. இப்போது இதை எழுதுவானேன் என்றால், ஏற்பாடுகளை அமைதியாக யோசிக்கக்கூடிய காலம் இதுதான். ஃபார்முலா 1 அணிகள் 2020-இல் ஐந்து நாளைக்கு ஒருமுறை எல்லோருக்கும் பரிசோதனை செய்துகொண்டே பந்தயம் நடத்தின. அந்தப் பணம் நம்மைப் போன்ற கிளப்புகளிடம் இல்லை. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலோ கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்திலோ வார இறுதியில் தடத்தை எடுத்து ஐம்பது, அறுபது பேரை ஓடவிடும் குழுவில் நீங்கள் முதல்முறையாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் வேலை: ஒரு பெயர்

பந்தய அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே, அதிகாரிகள் பட்டியலில் ‘நலப் பொறுப்பாளர்’ என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு எதிரே ஒரே ஒரு பெயரை எழுதுங்கள். குழுவின் பெயரை எழுதாதீர்கள். நாலு பேர் சேர்ந்த பொறுப்பு என்றால் ஒவ்வொருவரும் மற்ற மூவரை நம்பியிருப்பார்கள்.

அந்தப் பெயர் தலைமை மருத்துவருடையதாக இருக்க வேண்டாம். வண்டி தடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் கண்ணும் காதும் விபத்தின்மேல் இருக்க வேண்டும். சி.ஓ.சி.யும் வேண்டாம், பந்தயம் நேரத்துக்குத் தொடங்க வேண்டுமே என்ற தவிப்பு அவருக்கு உண்டு. கட்டணம் வாங்கும் பொருளாளர் கூடவே கூடாது. பந்தயம் நடந்தாலும் நின்றாலும் தனக்கு லாப நட்டம் இல்லாத, கொஞ்சம் பிடிவாதமான ஆள் யாராவது கிளப்பில் இருப்பார். அவரைப் பிடியுங்கள். உலக மோட்டார் விளையாட்டுச் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ. 2020-இல் தன் சர்வதேச விளையாட்டு விதிகளோடு ‘எஸ்’ என்ற பின்னிணைப்பைச் சேர்த்து கொரோனா நடத்தை விதிகளை வகுத்தபோது, இதற்கென்றே தனியாகக் கோவிட் பிரதிநிதி ஒருவரை வைத்தது. பெரிய பந்தயத்துக்கே அது தேவைப்பட்டது என்றால் ஆள் பற்றாக்குறையோடு நடக்கும் நம் பந்தயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் மட்டும் போதாது, அதிகாரமும் வேண்டும். “நலப் பொறுப்பாளர் காரணம் சொல்லாமலும் எவரையும் வளாகத்துக்குள் வர மறுக்கலாம், அந்த முடிவுக்கு அன்றைய தினம் மேல்முறையீடு இல்லை” என்று பந்தயத் துணை விதிகளில் ஒரு வாக்கியம் இருக்கட்டும். சர்வதேச விதிகளின்படி, ஆபத்து என்று கருதும் ஓட்டுநரைத் தடுக்கவும், கடுமையான பாதுகாப்புக் காரணம் இருந்தால் போட்டியைத் தள்ளிவைக்கவும் ஸ்டீவர்டுகள் எனப்படும் பந்தய நடுவர்களுக்கு ஏற்கெனவே அதிகாரம் உண்டு. அன்று காலை எங்கள் செயலாளர் “எந்த விதியைக் காட்டி” என்று கேட்டபோது இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தாலும், ஸ்டீவர்டுகள் அப்போது காலைச் சிற்றுண்டியில் இருந்தார்கள்.

முடிவெடுப்பவர் யார் என்பது தெளிவாக இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய அமைப்பும் தடுமாறும். 2020 மார்ச்சில் மெல்பர்னில் நடந்தது இதுதான். ஃபார்முலா 1 பந்தயத்துக்கு வந்திருந்த மெக்லாரன் அணி ஊழியர் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. வியாழன் இரவே அந்த அணி விலகிவிட்டது. ஆனால் ஆஸ்திரேலிய கிராண்ட் பிரீ ரத்து என்ற அறிவிப்பு மார்ச் 13, வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்தது. அதற்குள் ரசிகர்கள் டிக்கெட்டோடு வாசலில் கூடிவிட்டிருந்தார்கள். எஃப்.ஐ.ஏ., வணிக உரிமையாளர், உள்ளூர் ஏற்பாட்டாளர், மாநில அரசு, அணிகள் என்று இத்தனை தரப்பும் பேசி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது.

நடத்தலாமா என்ற கேள்வி

அரசு அனுமதிக்கிறதா என்பது முதல் கேள்வி. மருத்துவமனை தாங்குமா என்பது இரண்டாவது. புதியவர்கள் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

மோட்டார் பந்தயம் என்பது எப்போது வேண்டுமானாலும் ஒரு மனிதரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பக்கூடிய விளையாட்டு. ஆம்புலன்ஸ் இல்லாமல் தடத்தில் ஒரு வண்டிகூட ஓடக்கூடாது என்பதும், காயம்பட்டவரைக் கொண்டுசெல்ல மருத்துவமனை முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும் என்பதும் அதனால்தான். 2021 மே மாதம் சென்னையில் அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் நோயாளிகளோடு வரிசையாகக் காத்து நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வாரத்தில் பந்தயத்தில் தொடையெலும்பு முறிந்த ஒருவரை எங்கே கொண்டு போவீர்கள்? படுக்கை கிடைத்தாலும் அது இன்னொருவருக்குக் கிடைக்காமல் போன படுக்கை.

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் மேன் தீவுக்காரர்கள் இதைச் சரியாகக் கணக்கிட்டார்கள். அந்தத் தீவின் மக்கள்தொகை எண்பத்தைந்தாயிரம் அளவில்தான். பெரிய மருத்துவமனை ஒன்றே ஒன்று. ஊர்ச் சாலைகளையே தடமாக்கி, சுற்றுக்கு 60 கிலோமீட்டர் ஓடும் டி.டி. மோட்டார் சைக்கிள் பந்தயத்தை 2020 மார்ச் நடுவிலேயே ரத்து செய்தார்கள். அதே சாலையில் அமெச்சூர் ஓட்டுநர்களுக்காக 1923 முதல் நடக்கும் மேங்ஸ் கிராண்ட் பிரீயும் அந்த ஆண்டு நடக்கவில்லை, அடுத்த ஆண்டும் நடக்கவில்லை. உலகமெங்கும் இருந்து வரும் கூட்டம் கிருமியைக் கொண்டுவரும். காயம்பட்டவர்கள் படுக்கைகளை நிரப்புவார்கள். இரண்டையும் அந்தத் தீவு ஒரே சமயத்தில் தாங்காது.

ஆகவே பந்தயத்துக்குப் பத்து நாள் முன்பு, நீங்கள் குறித்து வைத்திருக்கும் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். அந்தத் தேதியில் விபத்துக் காயத்துக்குத் தீவிர சிகிச்சைப் படுக்கை தர முடியுமா என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ‘பார்த்துக்கொள்ளலாம் சார்’ என்று தொலைபேசியில் சொல்வது பதில் ஆகாது. மூன்று நாள் முன்பு மறுபடி கேளுங்கள். பதில் வராவிட்டால் பந்தயம் இல்லை என்று முதல் அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். அப்படி எழுதிவைத்தால் ரத்து செய்யும் நாளில் உங்கள்மேல் பாயும் கோபம் பாதியாகக் குறையும்.

அரசு உத்தரவை மீறி நடத்திவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை. அமெரிக்காவில் வட கரோலினாவின் அலமன்ஸ் மாவட்டத்தில் ஏஸ் ஸ்பீட்வே என்ற சிறிய உள்ளூர்த் தடம் இருக்கிறது. 2020 மே மாத இறுதியில் வெளியிடங்களில் 25 பேருக்கு மேல் கூடக்கூடாது என்ற உத்தரவு இருந்தபோது, அங்கே இரண்டாயிரம் பேருக்கு மேல் கூட்டிப் பந்தயம் நடத்தினார்கள். பிறகு, இது பந்தயம் அல்ல, அமைதிப் போராட்டம் என்று பலகை வைத்தும் பார்த்தார்கள். ஜூன் மாதம் மாநிலச் சுகாதாரத் துறை தடத்தை மூட உத்தரவிட்டது, நீதிமன்றமும் தடை விதித்தது. கதை அங்கே முடியவில்லை. மற்ற தடங்களை விட்டுவிட்டு எங்களை மட்டும் குறிவைத்தார்கள் என்று உரிமையாளர்கள் தொடுத்த எதிர்வழக்கு தொடரலாம் என 2024-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயம் யார் பக்கம் என்பதை வாதாடுபவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு வாரக் கூட்டத்துக்காக நான்கு ஆண்டு நீதிமன்ற வாசலில் நிற்க உங்கள் கிளப்புக்குத் தெம்பு இருக்கிறதா என்று மட்டும் யோசியுங்கள்.

நம் நாட்டில் இந்த உத்தரவுகள் பெரும்பாலும் 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழும், 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழும் வந்தன. இவை தவிர, உயிருக்கு ஆபத்தான நோயைப் பரப்பக்கூடிய செயலைக் கவனக்குறைவாகச் செய்தால் ஆறு மாதம் வரை சிறை என்பது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 269-ஆம் பிரிவு. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 271. இது ஏற்பாட்டாளருக்கு மட்டுமல்ல, காய்ச்சலை மறைத்துக்கொண்டு வரும் ஓட்டுநருக்கும் பொருந்தும்.

கட்டணம் திரும்பக் கிடைக்குமா?

இந்தப் பகுதியை யாரும் நலத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் வெப்பமானியை விட, முகக்கவசத்தை விட இதுதான் பெரிய மருந்து.

பதினோராவது ஆளிடம் பிறகு மனம்விட்டுப் பேசினேன். முந்தின இரவே உடம்பு கதகதவென்று இருந்திருக்கிறது. காலையில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றேன். நுழைவுக் கட்டணம், டயர், காரை ஏற்றி வந்த லாரி வாடகை, மெக்கானிக்கின் இரண்டு நாள் கூலி, எல்லாம் கட்டியாகிவிட்டது என்றார். எங்கள் விதியில் ‘எந்தக் காரணத்துக்காகவும் கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தோம். உண்மையைச் சொன்னால் அபராதம், மறைத்தால் பந்தயம். அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டு அவரிடம் நேர்மையை எதிர்பார்த்தது யார் தவறு?

எனவே, உடல்நலக் காரணம் சொல்லிப் பந்தய நாள் காலை வரை விலகுபவருக்குக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும், அல்லது அவர் விருப்பப்பட்டால் அடுத்த சுற்றுக்கு மாற்றப்படும் என்று எழுதுங்கள். மருத்துவச் சான்றிதழ் கேட்காதீர்கள். சான்றிதழுக்காக அவர் மருத்துவமனை வரிசையில் நிற்பது இன்னொரு ஆபத்து. இதைச் சாக்காக வைத்துச் சும்மா விலகுபவர்கள் இரண்டொருவர் இருப்பார்கள். இருக்கட்டும். அறுபது பேர் பந்தயத்தில் மூன்று கட்டணத்தைத் திருப்பித் தருவதாகக் கணக்குப் போட்டு, அதை மற்றவர்களின் கட்டணத்தில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். சாம்பியன்ஷிப் புள்ளிகள் உண்டு என்றால், மோசமான ஒரு சுற்றை விட்டுவிட்டுக் கூட்டும் முறையும் உதவும். புள்ளி போய்விடுமே என்ற பயம் பணத்தை விட வலியது.

மறைப்பது மட்டுமே சிக்கல் அல்ல, தவறாகப் புரிந்துகொள்வதும் உண்டு. 2020 அக்டோபரில் ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் தடத்தில் நடந்த பந்தயத்தில் ஃபார்முலா 1 ஓட்டுநர் லான்ஸ் ஸ்ட்ரோல் உடல்நலமில்லாமல் ஓட்டாமல் இருந்தார். வயிற்றுக் கோளாறு போலத்தான் இருக்கிறது என்று நினைத்தார்கள். வீடு திரும்பியபின் எடுத்த பரிசோதனையில் தொற்று உறுதியானது. அணி மருத்துவர், தனி விடுதி, ஓயாத பரிசோதனை எல்லாம் இருந்த இடத்திலேயே இப்படி. கேள்வித்தாளில் காய்ச்சல், இருமல் இரண்டோடு நிற்காமல் வயிற்றுப்போக்கு, உடல்வலி, மணம் தெரியாமை, வீட்டில் யாருக்காவது நோய் என்று கேளுங்கள். அன்றைய நோய்க்கு என்ன அறிகுறி என்று பொதுச் சுகாதாரத் துறை சொல்கிறதோ அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

கையெழுத்து எதைக் காக்கும்?

பந்தயத்துக்கு வருபவர் எல்லோரும் இன்டெம்னிட்டி படிவத்தில் கையெழுத்துப் போடுவார்கள்: எனக்கு எது நேர்ந்தாலும் கிளப் பொறுப்பல்ல என்று. அதில் ‘கொரோனா உட்பட’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கும் செயலாளர்கள் இருக்கிறார்கள். வழக்கறிஞர் ஒருவரிடம் கேளுங்கள் என்பதே என் முதல் அறிவுரை. ஆனால் அதற்கு முன் ஒரு பழைய வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

இங்கிலாந்தில் பழைய கார்களை வைத்து நிதி திரட்டுவதற்காக நடத்திய அமெச்சூர் பந்தயம் ஒன்றில், போட்டியாளர் ஒருவர் தன் குடும்பத்தோடு கயிற்றுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காரின் சக்கரம் பாதுகாப்புக் கயிற்றில் மாட்டி முளைகளைப் பிடுங்க, அவர் தூக்கி வீசப்பட்டு இறந்தார். கயிறு கட்டிய விதமே தவறு. 1972-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. பந்தயத்தில் உள்ள ஆபத்துக்கு அவர் ஒப்புக்கொண்டார் என்பது உண்மை. ஆனால் அவருக்குத் தெரியாத, மோசமான ஏற்பாட்டால் வந்த ஆபத்துக்கும் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. ஏற்பாட்டாளர்கள் தப்பித்தது, பொறுப்பேற்க மாட்டோம் என்ற அறிவிப்புப் பலகை இருந்ததால்தான். அந்த வழியையும் அந்நாட்டுப் பாராளுமன்றம் 1977-இல் பெருமளவு அடைத்துவிட்டது. கவனக்குறைவால் வரும் மரணத்துக்கும் காயத்துக்கும் பலகை வைத்துத் தப்பிக்க முடியாது என்று சட்டம் வந்தது.

நம் நாட்டு நீதிமன்றம் அப்படியே செய்யும் என்று சொல்லவில்லை. ஆனால் தர்க்கம் புரிகிறது. வளைவில் வண்டி புரளும் என்பது தெரிந்து ஒருவர் ஓட்ட வருகிறார். முப்பது பேரைக் காற்றோட்டமில்லாத அறையில் அடைத்துப் பிரீஃபிங், அதாவது பந்தயத்துக்கு முந்தைய விளக்கக் கூட்டம், நடத்தப்போகிறீர்கள் என்பது தெரிந்து அவர் கையெழுத்துப் போடவில்லை. படிவத்துக்கு உண்மையான பலம் வேண்டுமானால் நீங்கள் என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதை அதில் எழுதுங்கள், எழுதியதைச் செய்யுங்கள். காப்பீட்டுத் தாளையும் புரட்டிப் பாருங்கள். 2020-க்குப் பிறகு பல நிகழ்ச்சிக் காப்பீடுகளில் தொற்றுநோய்க்கு இழப்பீடு கிடையாது என்ற விலக்கு இருக்கிறது. இருபதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

பந்தய நாள்

கிருமி பரவுவது தடத்தில் அல்ல. ஹெல்மெட் போட்டுக்கொண்டு தனியாகக் காரில் இருப்பவர்தான் அந்த வளாகத்திலேயே பாதுகாப்பான மனிதர். கூட்டம் சேரும் ஐந்து இடங்களைப் பாருங்கள்: பதிவு மேசை, வண்டிச் சோதனை, பிரீஃபிங், தடத்தோரம் நின்று கொடி காட்டும், மீட்பில் உதவும் மார்ஷல்களை ஏற்றிச் செல்லும் வேன், மதியச் சாப்பாடு.

முதல் இரண்டையும் பிரிட்டன்காரர்கள் 2020 ஜூலையில் பந்தயங்களை மறுபடி தொடங்கியபோது எளிதாகத் தீர்த்தார்கள். கையெழுத்து இணையத்தில், வண்டி சரியாக இருக்கிறது என்று ஓட்டுநரே உறுதிமொழி எழுதித் தருவது, அதிகாரி சிலவற்றை மட்டும் தொட்டுப் பார்ப்பது. பிரீஃபிங்கை முந்தின மாலையே காணொளியாக அனுப்பிவிடலாம். பார்த்ததற்குச் சான்றாக, காணொளியின் நடுவே ஒரு சொல்லைச் சொல்லி, அதை மறுநாள் காலை வாசலில் கேட்கலாம். நாங்கள் ‘கத்தரிக்காய்’ வைத்தோம். கதவருகில் வரிசையாகப் பந்தய உடையில் நின்று கத்தரிக்காய் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வேன்தான் எல்லோரும் மறக்கும் இடம். இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கிலோமீட்டர். மார்ஷல்களைக் காலையில் வேனில் ஏற்றி ஒவ்வொரு நிலையாக இறக்கிவிடுவார்கள். தடத்தின் ஓரம் திறந்த வெளியில் நாள் முழுக்கத் தனித்து நிற்கப்போகிறவர்களை, ஜன்னல் மூடிய வேனில் தோளோடு தோள் இடிக்க இருபது நிமிடம் உட்காரவைப்பதில் என்ன பொருள்? திறந்த பிக்கப் வண்டியில் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி டிரிப்பாக அனுப்புங்கள். ஒரே நிலையில் நிற்கும் மூன்று, நான்கு பேரைக் காலை முதல் மாலை வரை மாற்றாதீர்கள். சாப்பாட்டுப் பொட்டலமும் அவர்கள் இடத்துக்கே போகட்டும். மார்ஷல்கள் சம்பளமில்லாமல் வருபவர்கள். கூலி வாங்காதவரின் உடல்நலத்துக்குக் கிளப் கடன்பட்டிருக்கிறது. அவர் வீட்டில் வயதானவர் இருந்தால் அந்த நாளுக்கு அவரை அழைக்காமல் இருப்பதே மரியாதை.

வெப்பமானியை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நம்பாதீர்கள். அறிகுறி தோன்ற இரண்டு நாள் முன்பே கொரோனா பரவும். அறிகுறியே இல்லாமலும் பரவும். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். முப்பது நிமிடத்துக்குள் முடிவு சொல்லும் ஆன்டிஜென் சோதனை கிடைத்தால் வாசலிலேயே வையுங்கள். பாசிட்டிவ் என்றால் நம்பலாம். நெகட்டிவ் என்று வந்தும் ஒருவருக்கு இருமல் இருந்தால் அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

இனி, நலத்துக்காகச் செய்வதே ஆபத்தாகும் இரண்டு விஷயம். மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் எழுதிய விதிகளை அப்படியே படியெடுத்தால் இவை கண்ணில் படாது.

ஒன்று, முகக்கவசம். கடையில் கிடைக்கும் மூன்றடுக்கு முகக்கவசம் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை. 160 டிகிரி அளவில் உருகிவிடும். ஓட்டுநர் ஹெல்மெட்டுக்குள் போடும் தலையுறையான பலாக்லாவா, தீயில் உருகாமல் கருகும் இழையால் ஆனது. அதற்குள்ளே உருகும் பொருளை முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு காரில் ஏறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நல்ல பிள்ளை, விதியை மதிக்கிறார் என்று நினைத்தோம். முகக்கவசத்தைக் கழற்றிப் பையில் போட்டபின்தான் பலாக்லாவா. சென்னை வெயிலில் ஹெல்மெட்டுக்குள் ஈரமாகிப்போன முகக்கவசம் மூச்சையும் அடைக்கும். மீட்புப் பணியில் தீயணைப்பு உடையில் இருக்கும் மார்ஷலுக்கும் இதே விதி. பிளாஸ்டிக் முழு உடையைப் போட்டுக்கொண்டு எரியும் காரின் அருகே யாரும் போகக்கூடாது.

இரண்டு, சானிடைசர். நல்ல சானிடைசரில் முக்கால் பங்கு ஆல்கஹால். அதன் ஆவி 20 டிகிரி சுற்றுவட்டத்திலேயே தீப்பற்றும். நம் ஊர் நிழலே அதைவிடச் சூடு. எரியும்போது வெளிறிய சுடர் வெயிலில் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. தடத்தை ஒட்டி வண்டிகளைக் கவனிக்கும் இடமான பிட்டில், பெட்ரோல் நிரப்பும் இடத்தில், வெல்டிங் நடக்கும் மூலையில் அந்தக் குப்பிக்கு இடமில்லை. கையில் தடவியவுடன் கையுறை மாட்டக்கூடாது, காயட்டும். அதோடு, கிரீஸ் படிந்த மெக்கானிக்கின் கையில் சானிடைசர் ஒழுங்காக வேலையும் செய்யாது. அணிகள் வண்டிகளோடு தங்கும் பேடாக் வளாகத்தில் நான்கு குழாயும் சோப்பும் வையுங்கள். செலவும் குறைவு. ஹெல்மெட் கண்ணாடியை ஆல்கஹால் போட்டுத் துடைப்பதும் வேண்டாம், பூச்சு கெட்டுவிடும்; மென்சோப்புத் தண்ணீர் போதும். ஹெல்மெட்டையும் பலாக்லாவாவையும் இரவல் தருவதை அன்றைக்கு அடியோடு நிறுத்துங்கள்.

கார் கவிழ்ந்துவிட்டால் வரிசை மாறாது: தீ, மூச்சு, இரத்தம், கழுத்து. தீயணைப்பு உடையில் இல்லாமல் காயம்பட்டவரைக் கவனிக்கப் போகிறவர்கள் நல்ல முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும் என்பது உண்மை. அதை மாட்டிக்கொண்டே காலையிலிருந்து காத்திருக்க வேண்டும். விபத்து நடந்தபின் உடையைத் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது. கூட்டமாக ஓடாமல், முன்பே குறித்த இருவர் மட்டும் காயம்பட்டவரின் தலைப்பக்கம் போகட்டும்.

ஓட்ட வருபவருக்கு

உங்களோடு வருபவர் எண்ணிக்கையை இரண்டாகக் குறையுங்கள். அப்பா, மாமா, கல்லூரி நண்பர்கள் எல்லோரும் அடுத்த ஆண்டு வரலாம்.

நோய் வந்து குணமானவர் என்றால் இன்னும் கவனம். பந்தயக் கார் ஓட்டுவது உட்கார்ந்த இடத்து வேலை என்று நினைப்பவர்கள் ஓட்டிப் பார்த்ததில்லை. வெப்பத்தில், தடித்த உடைக்குள், இதயம் நிமிடத்துக்கு 150 முறைக்கு மேல் துடிக்கும். கொரோனா சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும் என்று கண்டபின், லேசான நோய் வந்தவரும் குறைந்தது பத்து நாள் ஓய்வெடுத்து, அறிகுறி ஏதுமில்லாமல் ஏழு நாள் கழிந்தபின்தான் படிப்படியாக உடற்பயிற்சிக்குத் திரும்ப வேண்டும் என்று விளையாட்டு மருத்துவர்கள் 2020-இல் வழிகாட்டினார்கள். மார்பு வலி, படபடப்பு, படியேறினால் மூச்சு வாங்குதல் இருந்தால் இசிஜி எடுத்து மருத்துவர் சொல்லும் வரை தடத்துக்கு வராதீர்கள். இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் உங்களுக்கு மயக்கம் வந்தால் பக்கத்தில் ஓடுபவரும் அந்தக் கணக்கில் சேர்கிறார்.

பந்தயம் முடிந்த பிறகு

வளாகத்துக்குள் வந்த ஒவ்வொருவரின் பெயர், கைபேசி எண், நின்ற நிலை அல்லது பிட் எண், வந்த நேரம், போன நேரம். மெக்கானிக், சமையல்காரர், ரெக்கவரி வண்டி ஓட்டுநர், தண்ணீர் கேன் போட வந்தவர் உட்பட. இந்தப் பட்டியலை நலப் பொறுப்பாளர் மட்டும் வைத்திருக்க வேண்டும். கொரோனா அடைகாக்கும் காலம் அதிகபட்சம் 14 நாள் என்று கணக்கிட்டார்கள். ஒரு வாரம் கூட்டி 21 நாள் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுங்கள். கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போடாதீர்கள். டயர் வியாபாரிகளுக்கு விளம்பரப் பட்டியலாக அது மாறுவதற்கு ஒரு மணி நேரம் போதும்.

மூன்றாம் நாள் யாராவது அழைத்துத் தனக்குப் பாசிட்டிவ் என்று சொன்னால், முதலில் நன்றி சொல்லுங்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பிறகு நான்கு கேள்வி: எப்போது முதல் அறிகுறி, யாரோடு காரில் வந்தீர்கள், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், பிட்டில் உங்கள் பக்கத்தில் யார். அந்த வட்டத்தில் உள்ளவர்களை அன்று மாலைக்குள் கூப்பிடுங்கள். நோயாளியின் பெயரைச் சொல்லாதீர்கள். ‘சனிக்கிழமை மதியம் ஏழாம் பிட் அருகே இருந்த ஒருவர்’ என்றால் போதும். யார் என்று துருவுவார்கள். எனக்கு அழைப்பு வந்த அந்தப் புதன்கிழமை, நான் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்டது அதைத்தான். பெயரைக் கேட்காமல், “நான் எந்த நாளில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்?” என்று கேட்டவர் தடத்தின் கடைசி வளைவில் நின்ற மார்ஷல் ஒருவர்தான். அந்தக் கேள்விக்குப் பதிலை எழுதிவைத்துக்கொண்டு கூப்பிடத் தொடங்குங்கள். என்னிடம் அப்போது இல்லை.